அடையில் உட்காராத கோழி

அவிநாசி, சேவூர், தெக்கலூர் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் நாட்டுக்கோழியை அடைக்கு வைப்பதற்கென்று ஒரு முறை உண்டு. மூங்கில் கூடையில் மணலைப் பரப்பி, முட்டைகளை அடுக்கி, ஓரத்தில் ஒரு கரித்துண்டையும் இரும்பாணியையும் போட்டு வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்ற பயம். அடையில் உட்கார்ந்த கோழி 21 நாளும் வேறு பறவையாகிவிடும். நாளுக்கு ஒரு தடவை இறங்கி, அவசரமாக நாலு தானியம் பொறுக்கி, தண்ணீர் குடித்து, ஓடிவந்து மறுபடி உட்காரும். கையை நீட்டினால் கொத்தும். அதன் நெஞ்சுப் பக்கத்து இறகுகள் உதிர்ந்து, வெற்றுத்தோல் நேராக முட்டையின் மேல் படும். அந்தத் தோலுக்கடியில் ரத்த ஓட்டம் கூடியிருக்கும். அலகால் முட்டைகளைப் புரட்டிவிடும். புரட்டாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். பல்லடத்துக் கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு அனுப்பும் ஹேச்சரிகளில் இதே வேலையை இயந்திரம் செய்கிறது. 37.5 டிகிரி செல்சியஸ் சூடு, அளவான ஈரப்பதம், மணிக்கு ஒரு முறை தட்டைச் சாய்த்துத் திருப்புதல், 18 நாள் செட்டரில், கடைசி மூன்று நாள் ஹேச்சரில்.

கோழி, காடை, கௌதாரி, நம் வயல்களில் இப்போது கூட்டம் கூட்டமாகத் திரியும் மயில், எல்லாமே ஒரே வரிசையைச் சேர்ந்த பறவைகள். எல்லாமே அடைகாக்கும். ஆனால் இந்த வரிசையில் ஒரே ஒரு குடும்பம் மட்டும் முட்டையின் மேல் உட்காருவதை அடியோடு கைவிட்டுவிட்டது. மெகபோடு என்று அழைக்கப்படும் அந்தக் குடும்பத்தில் சுமார் 22 இனங்கள் உண்டு. ஆஸ்திரேலியா, நியூகினி, கிழக்கு இந்தோனேசியத் தீவுகள், பிலிப்பைன்ஸ், பசிபிக் தீவுகள் என்று பரவி வாழ்கின்றன. இந்தியாவுக்குச் சொந்தம் என்று இருப்பது ஒரே ஒரு இனம். அது நிக்கோபார் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வரும் தீவுகள்தான் இவை. இந்தக் கூட்டத்தின் தென்கோடியில் இருக்கும் பெரிய நிக்கோபாரிலிருந்து சுமத்ரா 200 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். சென்னைக்கோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடக்க வேண்டும்.

நிக்கோபார் மெகபோடைப் பார்க்க அழகென்று சொல்ல முடியாது. நாட்டுக்கோழி அளவு, ஒரே பழுப்பு நிறம், குட்டையான வால், சாம்பல் பூத்த தலை, முகத்தில் மட்டும் இறகில்லாத செந்தோல். ஆனால் காலைப் பார்த்தால் அசந்துபோவோம். அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதம், நீண்ட, வலுவான நகங்கள். கரையோரக் காட்டின் அடியில் சருகைக் கிளறிப் பூச்சி, நத்தை, விதை என்று தின்று வாழும் பறவை இது. ஆள் அரவம் கேட்டால் பறக்கக்கூடச் செய்யாது, புதருக்குள் ஓடி மறையும். ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கொக்கரிக்கும் ஓசை காட்டுக்குள்ளிருந்து கேட்கும், பறவை கண்ணில் படாது. அதை நேரில் கண்டு எண்ணுவது நடக்காத காரியம். ஆய்வாளர்கள் அதை விட்டுவிட்டு, அது கட்டிய மேடுகளைத்தான் எண்ணுகிறார்கள்.

அந்த மேட்டில்தான் விஷயமே இருக்கிறது. இணைப் பறவைகள் இரண்டும் பின்பக்கமாகத் திரும்பி நின்று, காலால் வாரி வாரி மணலையும் மண்ணையும் சருகையும் சுள்ளியையும் ஓரிடத்தில் சேர்க்கும். சில மேடுகள் வெட்டவெளித் தரையில் இருக்கும். சில, விழுந்து கிடக்கும் மரத்தை அண்டியிருக்கும். சில, உயிருள்ள மரத்தின் அடியைச் சுற்றி எழும்பியிருக்கும். புதிய மேடு முழங்கால் உயரம்கூட இருக்காது. வருடக்கணக்கில் பல தலைமுறைகள் வாரிப்போட்ட பழைய மேடுகளில் சில ஆள் உயரத்தை எட்டியிருக்கின்றன. பயன்பாட்டில் உள்ள மேட்டை அடையாளம் காண்பது எளிது. அதன்மேல் களை முளைத்திருக்காது, மண் இறுகாமல் பொலபொலவென்று இருக்கும், சுற்றிலும் தரை பெருக்கிவிட்டதுபோல் வெறுமையாக இருக்கும், மேலே புதிதாக நகம் இழுத்த கோடுகள் தெரியும். பெண் பறவை மேட்டில் ஒரு குழி தோண்டி, ஒரே ஒரு முட்டையை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். சில நாள் கழித்து வந்து இன்னொன்று இடும். ஒரே மேட்டில் பல இணைகள் முட்டையிடுவதும் உண்டு.

சூடு எங்கிருந்து வருகிறது? மார்கழி விடியலில் குப்பைமேட்டை மண்வெட்டியால் கிளறியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மேலே பனி, உள்ளே கைவைக்க முடியாத வெக்கை, ஆவி பறக்கும். மட்கும் இலைதழையைத் தின்னும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மூச்சுவிடுகின்றன. அந்த மூச்சின் உபரிதான் வெப்பம். மெகபோடு செய்வது இவ்வளவுதான்: கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்களை வேலைக்கு அமர்த்தி, அவற்றுக்குத் தீனி போட்டு, அவற்றின் சூட்டில் தன் பிள்ளையைப் பொரிக்க வைக்கிறது.

இதைச் சொல்வது சுலபம், செய்வது கடினம். குப்பைமேடு தன்போக்கில் விட்டால் அளவுக்கு மீறிச் சூடாகும், அல்லது காய்ந்து ஆறிப்போகும். மெகபோடு குடும்பத்தின் மேடுகளில் முட்டை கிடக்கும் ஆழத்தில் வெப்பம் 33, 34 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. ஈரம் குறைந்தால் நுண்ணுயிர்கள் ஓய்ந்துவிடும். மழை அதிகமானால் காற்று புகாமல் மூச்சுமுட்டும். அதனால் பறவை மேட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது. புதுச் சருகைச் சேர்க்கிறது, கிளறிக் காற்றோட்டம் விடுகிறது, மண்ணை வாரிப் போர்த்துகிறது. ஆஸ்திரேலியாவில் வாழும் இதன் உறவினரான புதர் வான்கோழியின் ஆண், மேட்டைத் தோண்டித் தலையை உள்ளே விட்டு, அலகு நிறைய மண்ணை எடுத்துப் பார்க்கும். வாயால் வெப்பத்தை அளக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. இந்தக் குடும்பத்தில் எல்லோரும் குப்பைமேட்டையே நம்புவதும் இல்லை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் வாழும் மாலியோ, வெயிலில் காயும் கடற்கரை மணலிலும் பூமிக்கடியிலிருந்து வரும் எரிமலைச் சூட்டிலும் முட்டையைப் புதைக்கிறது. முதலையும் ஆமையும் இப்படித்தானே செய்கின்றன, அப்படியானால் இவை பறவைகளிலேயே மிகப் பழைய வகையாக இருக்குமோ என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். உண்மை வேறு. இவற்றின் மூதாதையர் அடைகாத்தவர்கள். பிற பறவைகளின் குஞ்சுகளுக்கு அலகு நுனியில் ஓட்டை உடைக்கும் முட்டைப்பல் இருக்கும். மெகபோடின் கருவிலும் அது முளைக்கிறது, ஆனால் பொரிவதற்கு முன்பே மறைந்துவிடுகிறது. மெகபோடு குஞ்சு காலால் உதைத்துத்தான் ஓட்டை உடைக்கிறது. உட்காருவதை விட்டொழித்து, மேடு கட்டக் கற்றுக்கொண்ட பறவைகள் இவை.

முட்டையையும் பாருங்கள். நாட்டுக்கோழி முட்டை 40, 45 கிராம் இருக்கும். நிக்கோபார் மெகபோடின் முட்டை 120 கிராமை ஒட்டி இருக்கிறது. ஒரு கிலோவுக்கும் குறைந்த தாயின் எடையில் ஏழில் ஒரு பங்குக்குப் பக்கம். கோழி முட்டையில் மஞ்சள்கரு மூன்றில் ஒரு பங்கு. மெகபோடு முட்டைகளில் அது பாதிக்கு மேல், சில இனங்களில் மூன்றில் இரண்டு பங்கு வரை. அவ்வளவு கட்டுச்சோறு எதற்கு? உள்ளே இருக்கப்போவது 21 நாள் இல்லை, சுமார் 70 நாள். சூடு குறைவு, காலம் நீளம். யாரும் புரட்டிவிடப் போவதில்லை, இட்ட இடத்தில் இட்டபடி கிடந்து வளர வேண்டும். மண்ணுக்கடியில் பிராணவாயு குறைவு, கரியமிலவாயு அதிகம், அதற்கேற்ப ஓடு மெல்லியது. கரு வளர வளர ஓட்டிலிருந்தே சுண்ணாம்பை உறிஞ்சிக்கொள்வதால் ஓடு இன்னும் மெலிந்து, மூச்சு தாராளமாகிறது. நாம் ஹேச்சரியில் கோழி முட்டைக்குச் செய்துதரும் ஒவ்வொரு வசதிக்கும் பதிலாக, இந்த முட்டைக்குள்ளேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது.

பொரிந்த குஞ்சு மண்ணுக்கடியில் தனியாகக் கிடக்கும். மல்லாந்து படுத்து, தலைக்கு மேலுள்ள மண்ணைக் காலால் உதைத்து உதிர்த்து, உதிர்ந்ததை முதுகால் அழுத்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். களைத்தால் ஓய்வெடுக்கும். வெளியே வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். வெளியே தலை நீட்டியதும் சுற்றிலும் ஒரு பார்வை, பிறகு காட்டுக்குள் ஒரே ஓட்டம். சிறகில் பறக்கும் இறகுகள் ஏற்கெனவே தயார். தாயைத் தேடாது. தாயும் குஞ்சைத் தேடாது. இரண்டும் பின்னால் காட்டில் எதிர்ப்பட்டாலும் ஒன்றையொன்று அறியாது.

இதை எங்கள் வீட்டு அம்முச்சியிடம் சொன்னபோது, வாழ்நாளெல்லாம் கோழி வளர்த்தவர், உடனே கேட்டார்: “அப்பறம் அந்தக் குஞ்சுக்கு ஆரு கண்ணு காவலு? பருந்து வந்தா எந்தச் செறகுக்குள்ள போயி ஒளியும்?” சரியான கேள்வி. ஒளிவதற்குச் சிறகு இல்லை, புதர்தான். எதைத் தின்பது, எதற்குப் பயப்படுவது, தன் இனம் எது என்பதையெல்லாம் சொல்லித்தர யாரும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆன் கோத் என்ற ஆய்வாளர் புதர் வான்கோழிக் குஞ்சுகளின் முன்னால் குஞ்சு வடிவத்தில் செய்த இயந்திர பொம்மைகளை நிறுத்திப் பார்த்தார். தரையைக் கொத்தும் பொம்மையை நோக்கிக் குஞ்சுகள் போயின. சும்மா நின்ற பொம்மையை அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. பொம்மையின் அலகிலிருந்தும் காலிலிருந்தும் நம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியை நீக்கினால் ஈர்ப்பு குறைந்தது. அதாவது, தன் இனத்தான் எப்படி இருப்பான், எப்படிக் கொத்துவான் என்கிற அறிவோடுதான் குஞ்சு மண்ணைப் பிளந்து வருகிறது. ஆனாலும் அம்முச்சியின் கவலை நியாயமானது. மெகபோடு இனங்களின் குஞ்சுகளில் பெரும்பாலானவை முதல் சில வாரங்களைத் தாண்டுவதில்லை. நிக்கோபாரில் உடும்பும் மலைப்பாம்பும் இருக்கின்றன. மனிதரோடு வந்த நாயும் பூனையும் இப்போது சேர்ந்துகொண்டன. பலமுறை முட்டையிட்டு, பல வருடம் உயிர்வாழ்ந்துதான் பெற்றோர் இந்தக் கணக்கை ஈடுகட்ட முடியும். மேடு கட்ட இடம் இருக்கும்வரை.

மெகபோடு இந்தத் தீவுகளுக்கு எப்படி வந்தது என்பதே பெரிய புதிர். அடுத்த நெருங்கிய உறவினரைப் பார்க்க போர்னியோ, பிலிப்பைன்ஸ் பக்கம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இடையில் சுமத்ராவிலும் மலாய் தீபகற்பத்திலும் ஒன்றுகூடக் கிடையாது. காட்டுப்பூனைகளும் மரநாய்களும் காட்டுக்கோழி வகைகளும் நிறைந்த ஆசியப் பெருநிலத்தில், மாதக்கணக்கில் முட்டையை மண்ணில் விட்டுவைக்கும் பறவையால் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்பது ஒரு விளக்கம். முட்டையையோ பறவையையோ பழங்கால மனிதர்கள் படகில் கொண்டுவந்திருக்கலாம் என்பது இன்னொன்று. எனக்கு முதல் விளக்கத்தில்தான் நம்பிக்கை. 1846-இல் எட்வர்டு பிளித் இந்தப் பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டினார். பின்னர் இந்தத் தீவுகளுக்கிடையே ஓடும் சோம்ப்ரேரோ கால்வாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே பெரிய நிக்கோபார் பக்கம் ஒன்று என்று இரண்டு துணையினங்களாகப் பிரித்தறியப்பட்டது. ஒரு கடல்வழி குறுக்கிட்டதற்கே தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் பறவை, நேற்று படகில் ஏறி வந்திருக்கும் என்று தோன்றவில்லை.

இவ்வளவு தொலைவில் வாழும் பறவையைப் பற்றிக் கொங்குநாட்டில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இதைப் பற்றி இன்று உலகம் அறிந்ததில் பெரும்பகுதி கோவையிலிருந்து போனவர்கள் கண்டறிந்தது. பறவையியலாளர் சலீம் அலி மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1990-இல், அவர் பெயரில் ஒரு பறவையியல் மையம் கோவையில் தொடங்கப்பட்டது. சாகான் என்ற சுருக்கப் பெயரில் அறியப்படும் அந்த நிறுவனம் பிறகு ஆனைகட்டி மலையடிவாரத்தில் நிலைகொண்டது. அங்கே பணியாற்றிய ரவி சங்கரன் 1990-களின் முற்பகுதியில் நிக்கோபார் தீவுகளுக்குப் போய், தீவு தீவாகக் கரையோரக் காட்டில் மேடுகளைத் தேடி எண்ணினார். மேடுகள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிய குறுகலான காட்டுப்பட்டையில்தான் இருந்தன. அந்தக் கணக்கெடுப்பிலிருந்து, கரையோரங்களில் சுமார் 2,300 முதல் 4,000 வரை இனப்பெருக்க இணைகள் இருக்கும் என்று மதிப்பிட்டார். அவரைத் தொடர்ந்து கே. சிவகுமார் பெரிய நிக்கோபாரில் தங்கி இந்தப் பறவையின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்து பாரதியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ரவி சங்கரன் 2008-இல் சாகான் இயக்குநரானார். 2009 ஜனவரியில், 45 வயதில், மாரடைப்பில் மறைந்தார். நிக்கோபார் மெகபோடு, நார்கொண்டம் இருவாச்சி, அந்தமானின் உண்ணக்கூடிய கூடு கட்டும் உழவாரன் என்று நம் தீவுகளின் பறவைகளுக்கு அவர் செய்ததுபோல் யாரும் செய்ததில்லை. கோவையில் அவர் பெயர் இன்னும் அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26. நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்திய நிலம் நிக்கோபார்தான். சுனாமி அலை வந்து திரும்பியதோடு அங்கே கதை முடியவில்லை. நிலமே தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை சுமார் 4.25 மீட்டர் கீழே இறங்கியது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போனது. மெகபோடு மேடு கட்டிய அதே கரையோரப் பட்டைதான் மூழ்கியது. மரங்கள் உப்புநீரில் நின்றபடி காய்ந்தன. மெகபோடு தீவு என்றே பெயர்பெற்றிருந்த குட்டிச் சரணாலயத்தைக் கடல் கொண்டது. 2006-இல் மறுபடி போய் எண்ணிய சிவகுமாருக்குக் கரையோரத்தில் சுமார் 800 இணைகளுக்கான தடயமே கிடைத்தது. பத்தாண்டுக்கு முன் இருந்ததில் ஏறக்குறைய 30 விழுக்காடு.

இயற்கையின் அடி அது. அதிலிருந்து எழ, கரை புதிதாக உருவாக வேண்டும், காடு வளர வேண்டும், சருகு சேர வேண்டும். சருகு இல்லாமல் நுண்ணுயிர் இல்லை, நுண்ணுயிர் இல்லாமல் சூடு இல்லை. தீவின் உட்பகுதி மலைக்காடு அப்படியே பச்சையாக இருக்கிறதே என்று சொல்வது இதற்குப் பதிலாகாது. மணலும் மண்ணும் சருகும் சரியான அளவில் கலந்து கிடைப்பது கரையோரத்தில்தான்.

அந்தக் கரையில்தான் இப்போது பெரிய நிக்கோபார் திட்டம் வருகிறது. சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதுநகரம். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை இதற்கு மாற்றித் தர 2022 அக்டோபரில் முதல்கட்ட ஒப்புதலும், நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தன. துறைமுகத்துக்குக் குறித்த இடம் கலத்தியா விரிகுடா. தோல்முதுகுக் கடலாமைகள் முட்டையிட ஏறும் முக்கியமான கரை, மெகபோடு மேடுகள் உள்ள கரை. 1997-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த விரிகுடா, 2021-இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அங்கே பயன்பாட்டில் உள்ள 51 மேடுகளில் 30 அளவுக்கு நிரந்தரமாக அழியும் என்று திட்டத்துக்கான மதிப்பீட்டிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஈடாக, மென்சால் என்ற சிறு தீவு மெகபோடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மென்சாலைக் காப்பது நல்லதுதான். ஆனால் அங்கே ஏற்கெனவே வாழும் பறவைகளுக்கு ஒரு பெயர்ப்பலகை கிடைத்ததே தவிர, கலத்தியாவில் போகும் மேடுகளுக்கு அது ஈடாகவில்லை. மேடு என்பது தூக்கிக்கொண்டு போய் வைக்கக்கூடிய பொருள் இல்லை. அந்த இடத்து மண், அந்த இடத்து மழை, அந்த இடத்துப் பூஞ்சை, வருடக்கணக்கில் அங்கே வாரிப்போட்ட சருகு எல்லாம் சேர்ந்தது அது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பில், இந்தப் பறவையும் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு பறவைக்கு மட்டும் உண்டு, அது முட்டையிடும் மண்ணுக்கு இல்லை என்றால், அடைகாக்காத ஒரு பறவையின் விஷயத்தில் அதற்கு அர்த்தமே கிடையாது.

திட்டம் நடக்கும் காலத்தில் மெகபோடு உள்ளிட்ட பறவைகளைக் கண்காணித்துக் காக்கும் பொறுப்பு சாகானிடம் தரப்பட்டிருக்கிறது. 2023-இல் இந்திய வன உயிரின நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுவிட்ட அதே ஆனைகட்டி மையம். மேடுகளை முதன்முதலில் நடந்து எண்ணிய நிறுவனம், அவை போவதைப் பதிவு செய்யும் நிறுவனமாக ஆகிவிடக் கூடாது. அங்கே எடுக்கப்படும் ஒவ்வொரு மேட்டின் கணக்கும் ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். கலத்தியாவின் கரையோரக் காட்டை விட்டுவைத்துத் துறைமுகத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். கோவையிலும் திருப்பூரிலும் பறவை பார்க்கப் போகும் அமைப்புகள், கல்லூரி விலங்கியல் துறைகள், மாணவர்கள் இதை எழுதிக் கேட்க வேண்டும். கேட்க உரிமை உள்ளவர்கள் நாம். கேளுங்கள்.